இத்தாலி 11 இரவு, கார் இல்லாமல்: இந்த ரயில் திட்டம் தேறுமா?

கூஜா:
மே கடைசி வாரம் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை இத்தாலி. நாங்கள் இரண்டு பேர், 8 வயதுப் பையன், முட்டி வலியுள்ள அம்மா. மிலான் மல்பென்சாவில் காலையில் இறங்கி, ரோம் ஃபியுமிச்சினோவில் விமானம் ஏறுகிறோம். இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது: மிலான் 1 இரவு, வெனிஸ் 2, ஃப்ளோரன்ஸ் 2, சிங்க்வே தெர்ரே (கடலோர ஐந்து கிராமங்கள்) 1, ரோம் 2, நேப்பிள்ஸ் 1, அமால்ஃபி 1, கடைசியில் மறுபடி ரோம் 1. கார் எடுப்பதாக இல்லை. ரயில் பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டா? எப்போது வாங்கினால் விலை குறைவு?

தண்டவாளம்:
11 இரவுக்கு 8 முறை பெட்டி கட்டுகிறீர்கள். ரயில் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் இது தெரியாது. காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஒன்றரை மணி நேர ரயில் பயணம் என்றாலும் அரை நாள் காலி. 8 வயதுப் பையனையும் முட்டி வலியையும் வைத்துக்கொண்டு வேண்டாம்.

மூன்றே ஊரில் தங்குங்கள்: வெனிஸ் 2, ஃப்ளோரன்ஸ் 4, ரோம் 5. மல்பென்சாவிலிருந்து ரயிலில் மிலானோ சென்ட்ராலே, அங்கிருந்து அதிவேக ரயிலில் வெனிஸ் சுமார் இரண்டரை மணி நேரம். வெனிஸ்–ஃப்ளோரன்ஸ் இரண்டே கால், ஃப்ளோரன்ஸ்–ரோம் ஒன்றரை. ரோம்–நேப்பிள்ஸ் ஒன்றேகால் மணிதான், அதனால் நேப்பிள்ஸ் பக்கத்தில் எரிமலையில் புதைந்த பழைய நகரமான பாம்பேயை ரோமிலிருந்தே காலையில் போய் இரவு திரும்பலாம். அமால்ஃபியை எடுத்துவிடுங்கள். சொரென்டோவிலிருந்து போகும் பேருந்து மலையோரம் வளைந்து வளைந்து போகும், சீசனில் நின்றுகொண்டே போக வேண்டி வரும்.

பாஸ் வேண்டாம். அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்று நான்கு நீண்ட பயணத்துக்கு அது கட்டாது.

நடைமேடை7:
மேலே சொன்னது சரி. ஆனால் எல்லோரும் சறுக்குவது டிக்கெட் வகையில்தான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ இரண்டும் அதிவேகம். முதலாவது அரசு நிறுவனமான டிரெனிடாலியாவுடையது, இத்தாலோ தனியார். டிக்கெட்டில் உள்ள ரயில், பெட்டி, இருக்கை மட்டுமே உங்களுடையது. விலை விமான டிக்கெட் மாதிரி ஏறும், முன்கூட்டி வாங்கினால் பாதிக்கும் கீழே கிடைக்கும். டிரெனிடாலியாவில் மிக மலிவான சூப்பர் எகானமியை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. ‘பாஸே’ (Base) என்ற டிக்கெட் வகை முழு விலை, மாற்றிக்கொள்ளலாம். ரயில் பாஸ் வேறு, இது வேறு. எனவே மல்பென்சாவில் இறங்கும் நாளுக்கு மட்டும் இந்த ‘பாஸே’ டிக்கெட்டை வாங்குங்கள். விமானம் தாமதமானால் மலிவு டிக்கெட் குப்பைக்குத்தான். விமானம் தரை தொட்டு நான்கு மணி நேரம் கழித்து உள்ள ரயிலாகவும் பாருங்கள்.

ரெஜியோனாலே என்பது உள்ளூர் ரயில். விலை எப்போதும் ஒன்றே, இருக்கை எண் கிடையாது, முன்கூட்டி வாங்கி லாபமில்லை. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடைப் பக்கம் உள்ள சின்ன இயந்திரத்தில் நுழைத்து தேதி, நேரம் அச்சாக வேண்டும். அச்சில்லாத டிக்கெட்டுக்கு, காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அபராதம். செல்பேசியில் வாங்கினால் ஏறுமுன் அதில் ‘செக்‑இன்’ பொத்தானை அழுத்த வேண்டும். அதிவேக டிக்கெட்டுக்கு இந்த வேலை எதுவும் இல்லை.

பலகை விஷயம் ஒன்று. ஸ்டேஷனில் ‘பார்த்தென்ஸே’ என்ற பலகையைப் பாருங்கள், ‘அர்ரிவி’ வருகைக்கானது. ஃப்ளோரன்ஸில் உங்கள் ரயிலுக்கு நேரே பெரும்பாலும் ரோம் என்று எழுதியிருக்காது, நேப்பிள்ஸ் என்றோ சலேர்னோ என்றோ கடைசி ஊர்தான் இருக்கும். ரயில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பினாரியோ’ என்ற கட்டத்தில் நடைமேடை எண் பெரும்பாலும் கடைசி 10, 15 நிமிடத்தில்தான் விழும், அதற்கு முன் வெற்றாக இருந்தால் பதற வேண்டாம். ‘ரிதார்தோ’ கட்டத்தில் 20 என்றிருந்தால் 20 நிமிடம் தாமதம்.

இறங்குமிடம்: வெனிஸுக்கு ‘வெனேஸியா சாந்தா லூச்சியா’. அதற்கு முந்தைய ஸ்டேஷனான மெஸ்த்ரே, தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் உள்ள ஊர், அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள். ஃப்ளோரன்ஸுக்கு ‘ஃபிரென்ஸே சாந்தா மரியா நொவெல்லா’.

சுக்குக்காப்பி:
முட்டி வலி என்றதால் எழுதுகிறேன். வெனிஸில் பாலம் என்றாலே படிக்கட்டு. சாந்தா லூச்சியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா தெரு. அங்கே அறை எடுத்தால் பெட்டியோடு ஒரு பாலம்கூட ஏற வேண்டாம். முக்கியச் சதுக்கமான சான் மார்கோவுக்கு வபோரெத்தோ என்ற பொதுப் படகு, பெருங்கால்வாய் முழுக்கப் பார்க்க 1ஆம் எண் படகு. ஒற்றை டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, நாளுக்கு மூன்று முறை ஏறுவதென்றால் 24 மணி நேர அட்டையே மலிவு.

சிங்க்வே தெர்ரேயை அடியோடு விட மனசில்லை என்றால் ஃப்ளோரன்ஸில் ஓர் இரவைக் குறைத்து, அதன் பக்கத்து ஊரான லா ஸ்பெட்ஸியாவில் தங்குங்கள், ஃப்ளோரன்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது அலைச்சல். அங்கிருந்து முதல் கிராமம் ரியோமஜ்ஜோரே ரயிலில் பத்து நிமிடத்துக்குள். ரோமுக்கு நேரடி இன்டர்சிட்டி ரயிலும் உண்டு. ஐந்தில் கோர்னிலியா கிராமத்தில் மட்டும் கவனம், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குச் சுமார் 380 படிகள். சிறு பேருந்து இருக்கிறது, அதில் ஏறிவிடுங்கள்.

ஃப்ளோரன்ஸிலிருந்து மலை மேல் உள்ள சியெனா ஊருக்குப் போவதென்றால் ரயிலை விடப் பேருந்தே மேல். ரயில் மலையடிவாரத்தில் இறக்கிவிடும், பேருந்து ஊருக்குள் போகும்.

கூஜா:
மூன்று ஊர்த் திட்டத்துக்கே வருகிறேன், சிங்க்வே தெர்ரே அடுத்த முறை. பாம்பேய்க்கு நேப்பிள்ஸில் எப்படி மாறுவது? விசா வருமுன் ரயில் டிக்கெட் வாங்கலாமா?

தண்டவாளம்:
விசா விண்ணப்பத்துக்கு ரத்து செய்யக்கூடிய ஓட்டல் முன்பதிவும், ஊர்வாரியாகப் பயணத் திட்டமும் வையுங்கள். பணம் திரும்பாத ரயில் டிக்கெட்டை விசா கையில் வந்தபிறகே தொடுங்கள். இரண்டு மாதம் முன்னால் வந்துவிட்டால் நல்ல விலை இன்னும் இருக்கும்.

பாம்பேய்: நாபோலி சென்ட்ராலேயில் இறங்கி, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள கரிபால்டி நிலையத்துக்குப் படி இறங்குங்கள். சிர்க்கும்வெசுவியானா என்ற வேறு நிறுவன ரயில், டிக்கெட்டும் வேறு, அங்கேயே வாங்கலாம். சொரென்டோ போகும் வண்டியில் ஏறி ‘பொம்பேய் ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தேரி’யில் இறங்கினால் எதிரே நுழைவாயில். வெறும் ‘பொம்பேய்’ என்ற ஸ்டேஷன் வேறு பாதையில், புது ஊரில் இருக்கிறது. வண்டி நெரிசலாக இருக்கும், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

நடைமேடை7:
இன்னும் இரண்டு. ‘ஷோப்பெரோ’ என்றால் வேலைநிறுத்தம். முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள், போக்குவரத்து அமைச்சகத் தளத்தில் பட்டியல் இருக்கும். வார நாள்களில் காலை 6–9, மாலை 6–9 உள்ளூர் ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி. அதிவேக ரயில்களில் எவை கட்டாயம் ஓடும் என்ற பட்டியலும் வரும், கிளம்பும் முந்தைய நாள் பார்த்துவிடுங்கள்.

கிழமையைப் பார்த்து ஊரை வரிசைப்படுத்துங்கள். ஃப்ளோரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை, அன்று சியெனா போகலாம். வாட்டிகன் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஜூன் 2 குடியரசு தினம், ரோமில் கொலோசியத்துக்குப் போகும் சாலையில் அணிவகுப்பு, அக்கம்பக்கச் சாலைகளும் அடைபடும். பாம்பேயை அன்றைக்கு வையுங்கள்.