கடற்கரைப் பூங்காவில் டென்ட்: மணலில் முளை நிற்குமா? தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுவது?

மலர்விழி:
வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு கடற்கரைப் பூங்காவில் வெள்ளி, சனி இரண்டு இரவும் தங்கப் போகிறோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. டென்ட் போட அனுமதி உள்ள இடம்தான். மலைப்பக்கம் தங்கிப் பழக்கம் உண்டு, கடலோரம் இதுவே முதல் தடவை. டென்டோடு வந்த முளைகள் மெலிசான கம்பிகள். மணலில் அவை நிற்குமா? தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும்? வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பிள்ளைகள் நிலா வெளிச்சத்தில் கடலைப் பார்க்கட்டும் என்றுதான் அந்தத் தேதியை எடுத்தோம்.

உப்புக்காற்று:
பௌர்ணமி என்று சொன்னது நல்லதாயிற்று, அங்கிருந்தே தொடங்குகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் ஏற்றம் அதிகம். பல இடங்களில் உச்ச ஏற்றம் வருவது ஓரிரு நாள் கழித்து. அதனால் வெள்ளி இரவு காய்ந்து கிடந்த இடம் சனி இரவு நனையலாம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். மாலையில் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்து இத்தனை அடி தள்ளி என்று கணக்குப் போட்டால் அது நடுராத்திரிக்குச் செல்லாது. அந்த இடத்துக்கான ஏற்ற நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும் மணலைப் பாருங்கள். கடற்பாசி, சிப்பி ஓடு, குச்சி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். ஈரமாக இருப்பது கடைசியாக வந்த ஏற்றத்தின் கோடு. அதைத் தாண்டி மேலே நடந்தால், மொறுமொறுவென்று காய்ந்து பாதி மணல் மூடிய பழைய கோடு ஒன்று தெரியும். அதற்கும் மேலேதான் உங்கள் டென்ட். ஆனால் அடும்புக்கொடி மாதிரி செடிகள் படர்ந்த மணல்மேட்டில் ஏறிவிடாதீர்கள். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான், மிதித்தால் மேடு கரையத் தொடங்கும்.

அப்புறம் முளை. கம்பி முளை நிற்காது, காற்று ஒரு தடவை உலுக்கினால் வெண்ணெயில் குத்திய ஊசிபோல வெளியே வந்துவிடும். உறுதியான சின்னத் துணிப்பைகள் கொண்டுபோங்கள். ஈர மணலை நிரப்பி வாயைக் கட்டி, நடு வயிற்றில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் படுக்கையாகப் புதையுங்கள். பை கயிற்றுக்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும். குழியிலிருந்து டென்ட் பக்கமாகக் கயிறு சரிந்து ஏறுவதற்கு மணலில் ஒரு கீறல் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கயிறு செங்குத்தாக ஏறி வளைந்து நின்று, மணல் இளக இளகத் தொய்ந்துவிடும். மூடி, மிதித்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு பக்கமும் இப்படியே கட்டுங்கள். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இரவில் நிலத்திலிருந்து திரும்பி வீசும். கடல் பக்கம் மட்டும் கட்டினால் போதாது.

நெய்தல்நிலா:
அக்கா, டென்டைவிட எனக்குப் பிள்ளைகள் நினைப்புதான். அலைகள் வரிசையாக உடைந்து வரும்போது நடுவில் ஓரிடம் மட்டும் கருத்து, அலை உடையாமல் சாதுவாகத் தெரிந்தால் அங்கே இறக்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி இழுக்கும் வழி அதுவாக இருக்கலாம். பெரியவர்கள் யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகியபின் கரை சேர வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் குளிப்பாட்டுங்கள், ஏழு வயதுக்காரனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீன்கூடக் கொட்டும், தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மலர்விழி:
இருவருக்கும் மிக்க நன்றி. துணிப்பை இன்றே தைத்துவிடுகிறேன். அங்கே நெருப்பு மூட்டத் தனி இடம் உண்டு. முடிந்ததும் மணலைப் போட்டு மூடினால் சரிதானே? ராத்திரி டென்டுக்கு வெளியே ஒரு பெரிய விளக்கை எரியவிடலாமா?

உப்புக்காற்று:
தயவுசெய்து மணல் போட்டு மூடாதீர்கள். உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், மேலே வெறும் மணல்தான் தெரியும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் நேராக அதில்தான் கால் வைப்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, மேலே கை காட்டினால் சூடே தெரியாமல் போகும் வரை விடாதீர்கள்.

பெரிய விளக்கு வேண்டாம். ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால், பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். உங்கள் விளக்கைக் கடல் என்று எண்ணி எதிர்ப்பக்கம் ஊர்ந்து செத்துப்போகும். தலையில் மாட்டும் விளக்கில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைத் தேவைக்கு மட்டும் போடுங்கள். பகலில் பிள்ளைகள் தோண்டும் குழிகளையும் படுக்கப் போகும்முன் மூடிவிடுங்கள், குஞ்சுகள் விழுந்தால் ஏற முடியாது. காற்றுக்குப் பயந்து டென்டின் ஜன்னல் வலைகளை இறுக்க மூட வேண்டாம், விடியும்போது உள்பக்கமெல்லாம் நீர் கோத்துப் படுக்கை நனைந்துவிடும். வீடு திரும்பியதும் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள்.