கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலம்: முதலில் குளமா, நடைபாதையா?

வேளச்சேரிக்காரன்:
2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அதில் 118 ஏக்கரைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்தது. என்னைக் கேட்டால், அங்கே முதலில் குளம், அப்புறம்தான் பூங்கா. அந்த இடத்து மழைநீர் எங்கள் பக்கம்தான் வடிகிறது. 265 ஏக்கராக இருந்த வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர். வருகிற தண்ணீர் எங்கே போய் நிற்கும்? மிக்ஜாம் புயலன்று எங்கள் வீட்டு வாசலில் மூன்றாவது படி வரை ஏறியது. சுவரில் அந்தச் செம்மண் கோடு இரண்டு முறை வெள்ளையடித்தும் தெரிகிறது.

காலைநடை:
சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மெட்ரோ, மின்சார ரயில், பஸ் மூன்றும் வந்து சேரும் இடம் கிண்டி. சென்னையில் எந்த மூலையிலிருந்தும் குடும்பத்தோடு வரலாம். அதை வெறும் தண்ணீர்த் தேக்கமாக்கினால் யாருக்குப் பயன்? தொல்காப்பியப் பூங்காவைப் பாருங்கள். 58 ஏக்கர், 2011இல் திறந்தார்கள். சதுப்பு நிலத்தை அருமையாக மீட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் பல வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளைத்தான் குழுவாக அனுமதித்தார்கள். நம்மைப் போன்றவர்கள் வெளியே நின்று வேலியைப் பார்த்தோம். இங்கேயும் அந்த நிலை வேண்டாம்.

வேளச்சேரிக்காரன்:
வேலி போடச் சொல்லவில்லையே. கரையைச் செங்குத்தாகக் கான்கிரீட்டில் கட்டாமல் சரிவாக விட்டால், தண்ணீர் இறங்கிய மாதங்களில் அதிலேயே பிள்ளைகள் ஓடலாம். மாநகராட்சி ஏற்கெனவே அங்கே குளங்கள் வெட்டியிருக்கிறது. இனி நீரூற்று, கண்ணாடி மாளிகை என்று மீதி மண்ணையும் மூடிவிடக் கூடாது. அதுதான் என் பயம்.

செடிப்பித்தன்:
இருவரும் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. கதீட்ரல் சாலையில் இதே துறையின் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறந்தபோது பெரியவருக்கு 100 ரூபாய், குழந்தைக்கு 50. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ளே போக 300. கிண்டியிலும் அப்படி என்றால் கூலி வேலைக்குப் போகிறவர் வாரா வாரம் வருவாரா? அரசு நிலம், வாசல் இலவசமாக இருக்கட்டும்.

காலைநடை:
இலவசம் என்றால் பராமரிப்பு? எங்கள் தெருப் பூங்கா இலவசம்தான். ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி போன வருடம் அறுந்தது. பலகை ஒற்றைச் சங்கிலியில் இன்னும் தொங்குகிறது. கழிப்பறைக்கு எப்போதும் பூட்டு. 10 ரூபாய் வாங்கிச் சுத்தமாக வைத்தால் நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

செடிப்பித்தன்:
10 ரூபாயை நானும் கொடுப்பேன். அது நூறாவதுதான் பிரச்சினை. அப்புறம், வெளிநாட்டுப் புல்லை விரித்தால் தண்ணீர் ஊற்றவே பாதிச் செலவு போய்விடும். நீர்மருது, புங்கன், நாவல் வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் தாமே பார்த்துக்கொள்ளும். நாலு நாள் தண்ணீரில் நின்றாலும் நீர்மருதுக்கு ஒன்றும் ஆகாது, ஆற்றங்கரை மரம் அது.

காலைநடை:
சரி, மரத்திலும் சரிவான கரையிலும் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் குளத்தைச் சுற்றி நடைபாதை கட்டாயம் வேண்டும். முழங்கால் வலியோடு என் அம்மா தினமும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி ரோட்டோரமாகத்தான் நடக்கிறார்.

வேளச்சேரிக்காரன்:
தாராளமாகப் போடட்டும், மண்பாதையாக. அம்மாவின் காலுக்கும் அதுதான் நல்லது. கல் பதித்தால் மட்டும் நான் எதிர்ப்பேன்.