பெக்கோவின் முட்டியை ஸ்மைல் குறி வைத்தது சரியா? (முடிவைச் சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் தள்ளிப் போங்கள்)

பால்வாளி

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். மகள் வற்புறுத்தியதால் 'பிங் பாங்' அனிமேயைப் பார்த்து முடித்தேன், மேசைப்பந்து ஆடும் பள்ளிப் பையன்களைப் பற்றிய ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். 2014-இல் மசாக்கி யுவாசா இயக்கியது, மொத்தமே 11 பாகம்தான். ஆனால் கடைசிப் பாகம் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

கதையில் வரும் ஆட்டக்காரப் பையன் ஸ்மைல். அவனுடைய பயிற்றுநர் கொய்சுமி, இளவயதில் எதிராளியின் அடிபட்ட முட்டிப் பக்கம் பந்தைப் போட மனம் வராமல் தோற்றவர். ஸ்மைலும் முதலில் அதே ரகம், சீனாவிலிருந்து வந்த காங் என்ற ஆட்டக்காரனிடம் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான். அப்படிப்பட்டவன் இறுதி ஆட்டத்தில், சின்ன வயதுக் கூட்டாளி பெக்கோவின் வலது முட்டி கெட்டிருப்பது தெரிந்தும், பார்த்துப் பார்த்து அந்தப் பக்கமே அடிக்கிறான். வீட்டுக்காரி "இது கொடுமை" என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இதில் என் சொந்தக் கதையும் இருக்கிறது. எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரு மேசை இருந்தது. மழைநீர் இறங்கி ஒரு மூலை உப்பிப் போயிருக்கும், அங்கே விழுந்த பந்து எழும்பவே எழும்பாது. இரண்டு செங்கல்லை நிறுத்தி நடுவில் பலகை வைத்தால் அதுதான் வலை. பந்து நசுங்கினால் கொதிநீரில் போட்டு எடுப்போம், புடைத்துக்கொண்டு வரும். நானும் பக்கத்து லயத்துக் கூட்டாளியும் அதில்தான் ஆடிப் பழகினோம். 2000-ஆம் ஆண்டு, மாவட்டப் பள்ளிகள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நாங்கள் இருவரே மோதினோம். அப்போதெல்லாம் 21 புள்ளி ஆட்டம். முந்தின வாரம் பந்து விளையாடும்போது எவனோ மிதித்து அவனுக்கு வலது கணுக்கால் வீங்கியிருந்தது. வலது பக்கம் அகலமாக நாலு பந்து போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் போடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் 19-21.

மாநிலத்துக்கு அவன் போனான். முதல் சுற்றிலேயே தோற்று வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்: "நீ எங்க போடலன்னு எனக்குத் தெரியும்டா." அதோடு எங்கள் பேச்சு குறைந்துபோனது. இன்றும் ஒரே ஊரில்தான் இருக்கிறோம், சந்தையில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தாப்பா அக்கா

தம்பி, விட்டுக்கொடுக்கும்போது உங்கள் மனசு குளிர்ந்திருக்கும். அவருக்குக் கிடைத்தது என்ன? கோப்பையை வீட்டில் வைத்து அதைப் பார்க்கிற போதெல்லாம் சந்தேகம். ஸ்மைல் முட்டியைக் குறி வைத்தது, "நீ இதையும் தாண்டி எடுப்பாய்" என்ற நம்பிக்கையில்தான். பெக்கோ எடுக்கவும் செய்தானே! அந்த ஆட்டத்தில்தானே ஸ்மைல் முகத்தில் சிரிப்பே வருகிறது. வீட்டில் அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள். நான் தோசைச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுப் பார்த்தேன், தோசை கருகியதுதான் மிச்சம்.

செம்பனைக்காடு

அண்ணே, எனக்கு ஸ்மைலும் வேண்டாம் பெக்கோவும் வேண்டாம். காங் ஒருவன் போதும். ஷங்ஹாயில் அணியைவிட்டுக் கழற்றப்பட்டு, ஜப்பானில் ஒரு சாதாரணப் பள்ளிக்கு ஆட வருகிறான். வந்த புதிதில் அங்கே யாரையும் மதிப்பதில்லை. முதல் பாகத்தில் பெக்கோவை 11-0 என்று துடைத்தெடுக்கிறான், ஆனாலும் அவன் மனசெல்லாம் ஊர் திரும்பும் விமானத்தில்தான். அப்புறம் அந்தப் பள்ளிப் பையன்களுக்கே பயிற்சி கொடுக்கிறவனாகிறான், அதே பெக்கோவிடம் தோற்கவும் செய்கிறான். எங்கள் தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போட்டபோது அப்பா பட்டணத்துக்கு வந்து பாதுகாவலர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருடம் யாருடனும் பேசவில்லை. பிறகு அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். காங்கைப் பார்த்தால் எனக்கு அப்பா முகம்தான் வருகிறது.

தே ஓ கோசோங்

படம் கோணல்மாணலாக இருக்கிறதே என்று இரண்டாம் பாகத்தோடு விட்டவன் நான். சரி, திரும்பப் பார்க்கிறேன்.

அந்த 19-21 என்னவோ செய்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதி ஆட்டத்தில் நம் லீ சோங் வெய், சீனாவின் லின் டானிடம் மூன்றாவது செட்டை விட்டதும் அதே 19-21. 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளிதான். எங்கள் கடையில் அன்றைக்கு தேத்தண்ணி ஆறிப்போனது. ஆனால் தோற்றுவிட்டான் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. லின் டான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அவர் ஜெயித்திருந்தால்? எனக்கு அந்தத் தங்கம் வேண்டவே வேண்டாம்.

பால்வாளி

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி போட்டுக் காட்டினேன். "இருந்தாலும் கொடுமைதான்" என்கிறாள், விடுங்கள்.

நேற்று சந்தையில் அவனைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டோடு நின்றான். தலையாட்டாமல் கிட்டப் போய், அன்றைக்கு நான் செய்தது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "நீ வலது பக்கம் போட்டிருந்தாலும் நான்தான்டா ஜெயிச்சிருப்பேன்" என்றான். இருபத்தைந்து வருடமாக இதை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் போல.

ஞாயிறு காலை பசியாறிவிட்டு வரச் சொல்லியிருக்கிறான். என் மட்டையில் ரப்பர் பாதி உரிந்து கிடக்கிறது. ஈப்போவில் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும்?