லேப் சாஃப்ட்வேர் எழுதும் முன் லேபில் நின்று பார்த்தது (ராணிப்பேட்டை)

சோதனை முறைகளைச் சொல்லும் மெத்தட் புத்தகத்தைப் படித்தாலே சாஃப்ட்வேர் எழுதிவிடலாமே, லேபுக்கு வேறு எதற்குப் போகணும் என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். போகணும் என்பதுதான் என் பதில்.

ராணிப்பேட்டைப் பக்கம், தோல் கம்பெனிக் கழிவுநீரைச் சோதிக்கும் லேப் அது. நோட்டில் எழுதி, கால்குலேட்டரில் தட்டி ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். சிஓடி (நீரிலுள்ள கழிவை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) கணக்கு படிக்க எளிது: பிளாங்க் (சாம்பிளுக்குப் பதில் சுத்த நீரை வைத்துச் செய்தது) ரீடிங்கிலிருந்து சாம்பிள் ரீடிங்கைக் கழித்து, நார்மாலிட்டியாலும் (கரைசலின் செறிவு) 8000-ஆலும் பெருக்கி, எடுத்த சாம்பிளின் மில்லியால் வகுத்தால் விடை. நாலு கட்டம் போட்டால் ஸ்கிரீன் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கே சோதனை செய்யும் அக்கா காலையில் சிஓடி பக்கமே போகவில்லை. முதலில் குளோரைடு பார்த்தார். "இன்னா தம்பி அப்படிப் பாக்குற? தோலு கெடாம இருக்க உப்பு போட்டுத்தான் வருது. அந்த உப்பு தண்ணியில எவ்ளோன்னு தெரியாம டைக்ரோமேட் ஊத்தினா சிஓடி சும்மாவே ஏறிடும்" என்றார். கழிவை ஆக்சிஜனேற்றம் செய்வது டைக்ரோமேட்தான், உப்பிலுள்ள குளோரைடும் அதைத் தின்றுவிடும். அதைத் தடுப்பது மெர்க்குரிக் சல்பேட். குளோரைடு அளவைப் பார்த்துத்தான் அது எவ்வளவு போடுவது என்று முடிவு செய்கிறார். புத்தகத்தில் இது ஓர் ஓரக்குறிப்பு. என் டேட்டாபேஸிலோ ஒரு சோதனை முடியாமல் இன்னொன்றைத் திறக்கவே கூடாது என்ற விதி.

150 டிகிரியில் 2 மணி நேர ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழும்படி கொதிக்கவைப்பது). நடுவில் ஒரு ஃப்ளாஸ்க் பச்சையாகிவிட்டது. டைக்ரோமேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சாம்பிளை இன்னும் நீர்த்து முதலிலிருந்து செய்யணும். ஆக, 'மறுபடி' என்ற ஒரு வரி வேண்டும், பழையதும் அழியக் கூடாது. டைட்ரேஷனுக்கான (மிச்சமுள்ள டைக்ரோமேட்டை அளக்கச் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விடுவது) எஃப்ஏஎஸ் (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) கரைசலின் நார்மாலிட்டியும் நிலையாக நிற்பதில்லை. அதையும் அன்றன்றைக்குப் பார்த்து எழுதுகிறார்கள்.

டைட்ரேஷனின் கடைசிக் கட்டத்தில் அக்கா யாரோடும் பேசுவதில்லை. நீலப்பச்சை ஒரே சொட்டில் செம்பழுப்பாக மாறும். சொட்டு சுமார் 0.05 மில்லி. 20 மில்லி சாம்பிள், 0.1 நார்மல் என்றால் ஒரு சொட்டுக்கே சிஓடியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வித்தியாசம். பத்து மடங்கு நீர்த்திருந்தால் 20. வெளியே விடும் நீருக்கு வரம்பே 250 தான்! நோட்டில் 24.5 என்று எழுதுவதில்லை, 24.50 என்றே எழுதுகிறார். இரண்டாம் தசமம் வரை பார்த்தேன் என்பதற்கு அந்தச் சைபர்தான் சாட்சி. அதைச் சாதாரண எண்ணாகச் சேமித்தால் காணாமல் போய்விடும். எழுதியது எழுதியபடியே சேமித்தேன்.

இதற்காகப் படிப்பதை விட்டுவிடாதீர்கள். கந்தக அமிலம், பாதரசக் கழிவு எல்லாம் உள்ள இடம் அது. படித்துவிட்டுப் போனால்தான் எங்கே நிற்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியும், கேட்கும் கேள்வியும் உருப்படியாக இருக்கும். டைட்ரேஷனை அவர்கள் செய்யட்டும், நாம் பக்கத்தில் நோட்டோடு நின்றால் போதும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் குரோமியம் சோதனைக்கு சாஃப்ட்வேர் செய்தவர்கள் இருந்தால், மெஷினிலிருந்து ரீடிங்கை நேரடியாக எடுத்தீர்களா, கையால் ஏற்றினீர்களா என்று எழுதுங்கள். அடுத்து எனக்கு அந்த வேலைதான்.