கன்னத்தில் வெட்டும் கரண்ட்: அம்மாவும் மருந்தும்

பொகவந்தலாவையிலிருந்து:
அம்மா 31 வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். வலி தொடங்கியது ஒரு ஜனவரியில். விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது குளிர்காற்று வலது கன்னத்தில் பட்டால் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு. சில விநாடிதான், அப்படியே நின்றுவிடுவார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டும்போது கை உரசினாலும் அதே வெட்டு. பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போகவில்லை.

கண்டியில் ஒரு டொக்டர், "முகம் கழுவும்போது வருதாம்மா? பேசும்போது?" என்று கேட்டே கண்டுபிடித்தார். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பில் வரும் வலி. மூளைக்குப் பக்கத்தில் இரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்தி, அதன் உறையைத் தேய்த்துவிடுகிறதாம். கார்பமசெபின் என்ற குளிசை கொடுத்தார். நான்காம் நாள் அம்மா ரொட்டியைக் கட்டச் சம்பலோடு மென்று சாப்பிட்டார். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அளவு கூடக்கூடத் தலைசுற்றல். சமதரையில் சமாளிக்கலாம், சரிவில்? ஒருநாள் கூடையோடு உருண்டார். அப்புறம் மலைக்குப் போகவில்லை, தோட்டத்துப் பதிவிலிருந்து பேரும் போனது. வலிக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கும் மருந்து, அவர் காலை வாரிவிட்டது.

அன்றிலிருந்து புதிய மருந்துகளைப் பற்றி விடாமல் படிக்கிறேன். கார்பமசெபின் 1962 முதல் இந்த வலிக்குக் கொடுக்கப்படுகிறது, இன்றும் அதுதான் முதல் மருந்து. நரம்பு துடிப்பதற்குச் சோடியம் உள்ளே நுழையும் வாசல்களை அடைக்கிறது, கூடவே மூளையையும் மந்தமாக்குகிறது. விக்ஸோட்ரிஜின் என்ற புதிய மருந்து ஓயாமல் துடிக்கும் நரம்பின் வாசல்களையே அதிகம் பிடிக்கும்படி உருவாக்கப்பட்டது. அளவை மெதுமெதுவாகக் கூட்டவும் தேவையில்லை. 2017இல் வெளியான சோதனையில் கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்கள் 29 பேர்தான். பலன் தெரிந்தது, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. அபூர்வமான வலி, ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. அதற்காக இந்த ஆராய்ச்சியை விட்டுவிடக் கூடாது.

தலவாக்கலையிலிருந்து:
அக்கா, எங்கள் அப்பாவுக்கும் இதேதான். கார்பமசெபின் தொடங்கிய இரண்டாம் வாரம் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. உடனே நிறுத்தச் சொன்னார்கள். ஆசியர்களில் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணு வகையால் இந்த மருந்து தோலையே உரித்துவிடக்கூடுமாம். இப்போது கபாபென்டின் என்ற வேறு மருந்து, பாதி வலி அப்படியே இருக்கிறது. இடது கன்னத்தை மட்டும் சவரம் செய்கிறார், வலது பக்கம் கத்தி வைக்கப் பயம். அம்மாவுக்கு ஒப்பரேஷன் பற்றி ஏதும் சொன்னார்களா?

பொகவந்தலாவையிலிருந்து:
சொன்னார்கள் தம்பி. காதுக்குப் பின்னால் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் சின்னதாக ஒரு மெத்தை வைப்பார்களாம். அம்மா, "மொதல்ல குளிசையில ஏதாச்சும் வரட்டும்" என்கிறார். 14ஆம் திகதி கிளினிக்.