புதுப்பிப்பு: காரைக்குடித் தூணும் கீழ்த்தளக் கூடமும்

சென்னையில் உள்ள எங்கள் அடுக்ககக் கூடத்தில் காரைக்குடியின் பர்மா தேக்குத் தூண், செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, டேனிஷ் பாணி சோபா மூன்றும் ஒத்துப்போகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "கலப்படம்" என்றார்கள் பலர். செட்டிநாட்டு வீடுகளே பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கலந்து எழுந்தவைதானே!

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தூண் பத்தடி, கூரை ஒன்பதரை. அரை அடி அறுத்துவிடலாம் என்றார் தச்சர். மனம் வரவில்லை. விற்றவரிடமே கொடுத்துவிட்டு, கம்பி வைத்த பழைய ஜன்னல் ஒன்றை வாங்கி வந்தேன். சோபாவுக்குப் பின்னால் சுவரில் நிற்கிறது. சோபாவின் மெல்லிய கால்களுக்குத் தூணைவிட இதுவே பொருத்தம்.

தரையில்தான் அடி வாங்கினேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. சிமெண்ட் கறையைப் போக்க யாரோ ஆசிட் ஊற்ற, ஆறு கற்கள் வெளுத்துவிட்டன. மாற்றுவதா என்று யோசித்து, கடைசியில் அவற்றின்மேல் பத்தமடைப் பாயை விரித்துவிட்டேன். இப்போது வருகிறவர்கள் முதலில் பாராட்டுவது அந்தப் பாயைத்தான்.

தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது அம்மாவின் பொறுப்பு. வழுக்குகிறது என்று அப்பா திட்டுகிறார்.