'அந்த லேப் சரியில்ல': சர்க்கரை ரிப்போர்ட்டை ஒப்புக்கொள்ளாத மனசு

கேள்வி: பெங்களூரில் லேப், கிளினிக், ஆலோசனை வேலையில் இருக்கிற நம்மவர்களுக்கு. ரிப்போர்ட்டை நம்ப மறுப்பவர்களிடம் என்ன பார்க்கிறீர்கள்? எது எடுபடுகிறது?

அல்சூர் லேப்காரர்:
டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் ஸ்வீட்டைத் தொடாமல், ராத்திரி வெறும் மோரோடு படுத்துவிட்டு வருவார்கள். வெறும் வயிற்றில் 118 என்று அழகாக வரும். மூணு மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி (சுருக்கமாக ஏ1சி) மட்டும் 8.2 சதவீதம்; 6.5 வந்தாலே சர்க்கரை நோய்க் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரை ரெண்டு மூணு மாதக் கணக்கைச் சொல்லும். ரெண்டு நாள் பட்டினிக்கெல்லாம் மசியாது. உடனே 'மிஷின் கோளாறு'. ஸ்லிப்பை நீட்டின பையனுக்குத்தான் திட்டு விழும்.

சந்தேகப்படுவதில் நியாயமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் ஏ1சி கூடுதலாகக் காட்டலாம். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது, இன்னொரு பரிசோதனை வேண்டும். அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அதிலயும் 6.5க்கு மேல வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" பதில் சொல்பவர் சரிபார்க்க வந்தவர். பேச்சை மாற்றுபவர் மூணாவது லேபுக்கு விலை விசாரித்து முடித்திருப்பார்.

ஜெயநகர் மனநல ஆலோசகர்:
இவர்கள் பொய் சொல்வதாக நினைத்தால் அங்கேயே சறுக்கல். பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும். இது ஆளுக்கே தெரியாமல் மனசு செய்கிற வேலை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1894லேயே 'தற்காப்பு' என்று எழுதினார். மகள் அன்னா 1936ல் அதன் வகைகளைத் தொகுத்துக் காட்டினார்.

பையனுக்கு விழுந்த திட்டு, இடம் மாறிய கோபம். லால்பாக்கில் நாலு சுற்று, வாசலில் பாகற்காய் சாறு, அப்புறம் நெய் வழியும் மசால் தோசை: கசப்பைக் குடித்தால் தின்றதெல்லாம் அழிந்துவிட்ட மாதிரி ஒரு சடங்கு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நம்மை ஏமாற்றுவது இன்னொரு வகை. எக்ஸெல்லில் கிராஃப் போட்டு, இன்சுலின் எதிர்ப்பு பற்றி அரை மணி நேரம் பேசுவார். பயம் என்ற வார்த்தை ஒரு தடவைகூட வராது. இவ்வளவு தெரிந்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நாமும் விட்டுவிடுவோம். மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கும்.

அவரிடம் எண்ணைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது. "வீட்டில் யாருக்கு இருந்தது? அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சர்க்கரையால் அப்பாவுக்கு வெட்டி எடுத்த கால் அப்போதுதான் வெளியே வரும். மனசு இத்தனை நாள் ஒளித்துவைத்தது அந்தக் காலைத்தான், சர்க்கரையை இல்லை.

உணவு ஆலோசகர், சிவாஜிநகர்:
எங்களிடம் வருவது 'ராகி முத்தேதானே சாப்பிடறேன்'. முத்தே என்றால் களி உருண்டை. ராகி மாவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுப்பொருள்தான். ஒரு உருண்டை சரி, மூணு உருண்டைக்கு ராகி என்ற பெயர் காவல் இல்லை. இதைத் தட்டில் காட்ட வேண்டும், வாதாடினால் இன்னும் இறுகுவார்கள்.

மாறுவதற்கு 0 முதல் 10 வரை எவ்வளவு தயார் என்று கேளுங்கள். 4 என்றால், 'ஏன் 8 இல்லை?' என்று கேட்கவே கூடாது. சாக்குகளை அவர் வாயாலேயே அடுக்க வைத்துவிடுவோம். 'ஏன் 2 சொல்லலை?' என்றால் மாறுவதற்கான காரணத்தை அவரே சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா, "நான் அப்பவே சொல்லலையா?" என்று ஆரம்பித்தால் போச்சு. மாமியார் வீட்டார் எதிரில் என்றால் இன்னும் மோசம்.

அல்சூர் லேப்காரர்:
ஒன்று விட்டுப்போச்சு. 8.2 சதவீதம் என்றால் 'நூத்துக்கு எட்டுதானே' என்று தோன்றும். அதே 8.2ஐ "மூணு மாசமா சராசரி 189 ஓடுது" என்று சொல்லிப் பாருங்கள். 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் வருகிற எண் அது. வீட்டு குளுக்கோமீட்டரில் பழகிய எண் என்பதால் பேப்பரைத் திரும்ப வாங்கிப் பார்ப்பார்கள். ஆனால் வாந்தி, வேக மூச்சு, அரை மயக்கம் இருந்தால் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்கு.